சொல்லின் இடமும் காசின் காலமும்: ரோமானியப் பேரரசுக் காசுகளை அடையாளம் காணுதல்



மொழியியலில் முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் காசுகளைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களிற் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நான் நாணயவியலாளன் அல்லன். இலக்கணம் கற்பித்துப் பணி ஓய்வு பெற்றவன். ஆயினும் ஒரு சிறிய வெள்ளிக் காசைத் தவறாகப் படித்து, அத்தவற்றைப் பதினேழு ஆண்டுகள் உணராதிருந்தவன். இலக்கணம் கற்றவன் செய்யக்கூடாத தவறு அது. அதனைத் திருத்திக்கொள்ளும் முயற்சியில் நான் கற்றவற்றையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், எங்கள் குடும்பத்துக்கு நெருக்கமான ஓர் அம்மையார் ஒரு கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து என்னிடம் ஒரு காசைக் காட்டினார். அவருடைய மாமனார் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து பேராக் மாநிலத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். ஊரில் கிணறு வெட்டியபோது கிடைத்த காசுகளில் தம் பங்குக்கு வந்த ஒன்றை மடியில் முடிந்து கொண்டுவந்தாராம். யாரோ ஒரு பொற்கொல்லர் அதன் மேல் விளிம்பில் வளையம் பற்றவைத்திருந்தார். பற்றவைப்பு சில எழுத்துகளை மூடியிருந்தது. வேறு சில தேய்ந்திருந்தன. ஒரு சொல் மட்டும் தெளிவாக நின்றது: அகஸ்டஸ். "அகஸ்டஸ் சீசரின் காசு, அம்மா" என்று உடனே கூறிவிட்டேன். அவர் முகம் மலர்ந்தது. அடுத்த மாதமே அந்தக் காசு கண்ணாடிச் சட்டத்துக்குள் சென்றது. அதன்கீழ் அகஸ்டஸின் பெயரும் ஆட்சியாண்டும் அழகிய கையெழுத்தில் எழுதப்பட்டன. என் பெயரும் இருந்தது, படித்துச் சொன்னவர் என்று.

அது அகஸ்டஸின் காசன்று. ஏன் அன்று என்பதற்கு வருமுன், ஒரு ரோமானியக் காசை எவ்வாறு படிக்கவேண்டும் என்பதை முறையாகக் காண்போம்.

முதலில் உலோகமும் எடையும்

எழுத்துக்கு முன் உலோகம். முதல் இரு நூற்றாண்டுகளில் ரோமானியர் பொன்னில் அடித்த காசு அவ்ரியஸ்; வெள்ளியில் அடித்தது தினாரியஸ்; பித்தளையிலும் செம்பிலும் அடித்தவை செஸ்டர்சியஸ், துபோந்தியஸ், ஆஸ் முதலியன. ஒரு அவ்ரியஸுக்கு 25 தினாரியஸ். ஒரு தினாரியஸுக்கு 4 செஸ்டர்சியஸ். ஒரு செஸ்டர்சியஸுக்கு 4 ஆஸ். இந்த வாய்பாட்டை மனத்திற் கொண்டால் கையில் இருப்பது எது என்பது பாதி விளங்கும்.

எடையும் காலத்தைச் சொல்லும். அகஸ்டஸ் காலத்தில் ஒரு ரோமானிய இராத்தல் வெள்ளியில் 84 தினாரியஸ் அடிக்கப்பட்டன. கி.பி. 64இல் நீரோ மன்னன் அதே இராத்தலில் 96 அடிக்கச் செய்தான். வெள்ளியின் தூய்மையையும் குறைத்தான். பொற்காசும் இராத்தலுக்கு 40 என்பதிலிருந்து 45 ஆயிற்று. ஆகவே நன்கு தேயாத தினாரியஸ் ஒன்று நாலு கிராமுக்குச் சற்றுக் குறைவாக நிறுத்தால் நீரோவின் மாற்றத்துக்கு முந்தியதாக இருக்க வாய்ப்புண்டு. தென்னிந்தியப் புதையல்களில் வெள்ளிக் காசுகளுள் மிகப் பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய இருவருடையவை. பழைய, தூய வெள்ளியையே வணிகர் விரும்பினர் என ஆய்வாளர் பலர் இதற்கு விளக்கம் கூறுவர்.

அடுத்துத் தலை

முன்பக்கத்தில் மன்னனின் தலை. அதில் முதலில் பார்க்கவேண்டியது முகச்சாயலை அன்று, முடியை. இலைமாலை சூடிய தலை பொதுவானது. கதிர்கள் நீட்டிய முடி இருந்தால் அது பெரும்பாலும் மதிப்பைக் குறிக்கும் அடையாளம்: நீரோ காலம் முதல் துபோந்தியஸை ஆஸிலிருந்து பிரித்தறியக் கதிர்முடி உதவிற்று. 215இல் கரகல்லா புதிய வெள்ளிக் காசொன்றை வெளியிட்டபோது அதற்கும் கதிர்முடியே இடப்பட்டது. கான்ஸ்டன்டைன் காலத்துக்குப் பின் முத்துப் பதித்த மணிமுடி வருகிறது. மழித்த முகங்களே வழக்கமாயிருந்த காசுகளில் நிறைந்த தாடி நிலைபெறுவது ஹேட்ரியன் காலத்திலிருந்து. அவன் ஆட்சி 117 முதல் 138 வரை.

முகச்சாயலை மட்டும் நம்புவது ஆபத்து. அகஸ்டஸ் முதுமையிலும் இளைஞனாகவே காசில் தோன்றினான். அவனுக்குப் பின் வந்த திபேரியஸின் முகமும் அச்சு வெட்டியவர் கையில் அவனைப்போலவே அமைவதுண்டு. என்னை ஏமாற்றியதில் அந்த முகத்துக்கும் பங்குண்டு.

எழுத்து: நம் பழைய நண்பன்

இனி எழுத்துக்கு வருவோம். காசைச் சுற்றி ஓடும் எழுத்துகளைக் கண்டு பலர் அஞ்சுவர். தமிழ்க் கல்வெட்டைச் சிறிதளவேனும் பார்த்தவர் அஞ்ச வேண்டியதில்லை. நாம் அங்குச் சந்திக்கும் இடர்களே இங்கும் உள்ளன.

முதலாவது, சொற்களுக்கிடையே இடைவெளி பெரும்பாலும் இல்லை. நம் தமிழி எழுத்துக் கல்வெட்டுகளிலும் இல்லை. சொல்லைப் பிரிப்பது படிப்பவர் கடமை. இரண்டாவது, ஓரெழுத்து ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிகளைத் தரும். இன்று நாம் 'யு', 'வி' என்று இரண்டாகக் கொள்பவற்றுக்கு அன்று 'வி' ஒன்றே வடிவம். 'சி' என்னும் எழுத்து தனித்து நின்றால் அது 'காயுஸ்' என்னும் பெயரைக் குறிக்கும். அப்பெயரின் முதலொலி ககரத்தின் மெல்லிய ஒலி. மிகப் பழைய இலத்தீனில் 'க' ஒலிக்கும் அதன் மெல்லிய ஒலிக்கும் 'சி' என்னும் ஒரே எழுத்து இருந்தது. 'ஜி' பின்னர்தான் உண்டாக்கப்பட்டது. பெயர்ச் சுருக்கத்தில் மட்டும் பழைய எழுத்து மாறாமல் நின்றுவிட்டது. 'கடல்' என்பதிலும் 'தங்கம்' என்பதிலும் ஒரே ககரத்தை இருவேறு ஒலியோடு படிக்கும் நமக்கு இது புதிதன்று.

மூன்றாவது, சுருக்கம். காசில் இடம் குறைவு. மன்னனின் பட்டங்களோ மிகுதி. ஆகவே சொல்லின் தலையெழுத்து மட்டும் நிற்கும். நம் வீட்டுப் பெண்மக்கள் பாத்திரக்கடையில் பெயர் வெட்டக் கொடுக்கும்போது என்ன நிகழ்கிறது? குடத்தில் முழுப்பெயர் நிற்கும். தம்ளரில் தலையெழுத்து மட்டும் நிற்கும். வீட்டார்க்கு அது போதும். ரோமானியர்க்கும் போதுமாக இருந்தது.

அடிக்கடி வரும் சுருக்கங்கள் மிகச் சிலவே. 'ஐ, எம், பி' என்றால் இம்பெராதோர், படைத்தலைவன்; பின்னர்ப் பேரரசன் என்னும் பொருள் பெற்றது. 'ஏ, வி, ஜி' என்றால் அகஸ்டஸ். 'பி, எம்' என்றால் பொந்திபெக்ஸ் மாக்சிமுஸ், தலைமைக் குரு. 'டி, ஆர், பி' என்றால் மக்கள் காப்பாளரின் அதிகாரம். 'சி, ஓ, எஸ்' என்றால் கான்சல் பதவி. 'பி, பி' என்றால் நாட்டின் தந்தை. 'எஃப்' என்றால் மகன். வெண்கல, செம்புக் காசுகளில் பெரிதாக நிற்கும் 'எஸ், சி' செனட் சபையின் ஆணையைக் குறிக்கும். இந்த எட்டையும் மனப்பாடம் செய்தவர் முதலிரு நூற்றாண்டுக் காசுகளில் பெரும்பகுதியைப் படிக்கத் தொடங்கலாம்.

மெய்க்கீர்த்தியும் பட்டங்களும்

சோழர் கல்வெட்டுகளில் மெய்க்கீர்த்தி என்றொரு பகுதி உண்டு என்பதை அறிவீர்கள். முதலாம் இராசராசன் காலத்தில் நிலைபெற்ற மரபு அது. மன்னனின் வெற்றிகள் கூடக்கூட மெய்க்கீர்த்தியும் நீளும். இராசேந்திரனின் கடார வெற்றியைச் சொல்லும் பகுதி அப்படையெடுப்புக்குப் பிந்திய கல்வெட்டுகளில்தான் வர முடியும். ஆண்டு சிதைந்துபோன கல்லிலும், எந்த வெற்றி வரை சொல்லப்படுகிறது என்று பார்த்துக் காலத்தை வரையறுக்கிறோம். கடாரம் இருந்த இந்நிலப்பகுதியில் வாழும் நமக்கு இம்முறையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ரோமானியக் காசையும் அவ்வாறே படிக்கவேண்டும். டிராஜன் மன்னனின் வெள்ளிக் காசொன்றை எடுத்துக்கொள்வோம். அதன் முன்பக்கத்தில் படைத்தலைவன், டிராஜன், அகஸ்டஸ், ஜெர்மானியரை வென்றவன், டாசியரை வென்றவன், தலைமைக் குரு, மக்கள் காப்பாளர் அதிகாரம் உடையவன், ஐந்தாம் முறை கான்சல், நாட்டின் தந்தை என்று வரிசையாக வருகிறது. ஜெர்மானியரை வென்றவன் என்னும் பட்டம் 97இல் கிடைத்தது. டாசியரை வென்றவன் என்னும் பட்டம் 102இல். ஐந்தாம் முறை கான்சல் ஆனது 103இல்; ஆறாம் முறை ஆனது 112இல். பார்த்தியரை வென்றவன் என்னும் பட்டம் 116இல்தான் வந்தது. இக்காசில் அது இல்லை. ஆக, இக்காசு 103க்கும் 111க்கும் இடைப்பட்டது. ஒரு நூலையும் புரட்டாமல், பட்டத்தின் வரம்புகளைக் கொண்டே எட்டொன்பது ஆண்டுக் கால எல்லைக்குள் வந்துவிட்டோம்.

மக்கள் காப்பாளர் அதிகாரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டது. அதற்குப் பக்கத்தில் எண் இருந்தால் காலம் இன்னும் துல்லியமாகும். அன்டோனினஸ் பயஸ் மன்னனின் காசில் அந்த எண் 15 என்றிருந்தால் அது 151ஆம் ஆண்டின் இறுதிக்கும் 152ஆம் ஆண்டின் இறுதிக்கும் இடைப்பட்டது. இந்த எண்ணை நினைவில் வையுங்கள். சற்று நேரத்தில் இது நம் வீட்டுக்கு அருகிலேயே வரப்போகிறது.

வேற்றுமை உருபு பேசும் இடம்

டிராஜன் காசில் இலக்கணம் பயின்றோர்க்கு இன்னுமொரு விருந்து உண்டு. மன்னனின் பெயர் எழுவாயாக வரவில்லை. 'திரயானுஸ்' என்று முடியவேண்டிய பெயர் 'திரயானோ' என்று முடிகிறது. நம் இலக்கணத்தில் சொன்னால் நான்காம் வேற்றுமை. 'டிராஜனுக்கு' என்று பொருள். பின்பக்கத்தில் செனட்டும் ரோம மக்களும் என்பதன் தலையெழுத்துகளும், 'மிகச் சிறந்த தலைவனுக்கு' என்னும் தொடரும் உள்ளன. இரு பக்கத்தையும் சேர்த்தால் ஒரே வாக்கியம்: இன்ன இன்ன பட்டங்களை உடைய டிராஜனுக்கு, மிகச் சிறந்த தலைவனுக்கு, செனட்டும் ரோம மக்களும். வினைச்சொல் இல்லை. 'அளித்தது' என்று நாமே வருவித்துக்கொள்ள வேண்டும். மணமக்களுக்குக் கொடுக்கும் குத்துவிளக்கில் 'மணமக்களுக்கு, தாய்மாமன்' என்று வெட்டியிருந்தால், வினை இல்லையே என்று யாரும் தடுமாறுவதில்லை அல்லவா? காசு இங்குக் காணிக்கையின் மொழியில் பேசுகிறது.

வேற்றுமையை விட்டுவிட்டால் வரலாறும் பிழையாகும். 'திவுஸ்' என்றால் தெய்வமாகியவன். இறந்தபின் செனட்டால் தெய்வமாக்கப்பட்ட மன்னனைக் குறிக்கும் அடைமொழி. 'திவுஸ் அகஸ்டஸ் பாத்தெர்', அதாவது தெய்வமாகிய அகஸ்டஸ் தந்தை, என்று எழுதிய செம்புக் காசுகள் அகஸ்டஸ் இறந்தபின் திபேரியஸ் ஆட்சியில் அடிக்கப்பட்டவை. காசில் உள்ள பெயர் ஒருவருடையது. காசை அடித்த கை இன்னொருவருடையது. பெயரைக் கண்டவுடன் காலத்தைக் கூறுபவர் இங்கே இடறுவார்.

பின்பக்கமும் அடிக்கோடும்

பின்பக்கத்தில் பெரும்பாலும் ஓர் உருவம். பல உருவங்கள் பண்புகளின் உருவகங்கள். கையில் தராசு இருந்தால் நேர்மை, அல்லது காசுச்சாலையின் தெய்வமாகிய மொனேட்டா. கிளை ஏந்தினால் அமைதி. சுக்கானும் வளக்கொம்பும் ஏந்தினால் நற்பேறு. பாம்புக்கு உணவூட்டினால் உடல்நலம். இறகு முளைத்தவள் வெற்றி. மொனேட்டா என்பது ரோம நகரக் குன்றில் இருந்த யூனோ தேவியின் பெயர்களுள் ஒன்று. அக்கோயிலை அடுத்துக் காசுச்சாலை இருந்தது. ஆங்கிலத்தின் 'மணி', 'மின்ட்' ஆகிய இரு சொற்களும் அப்பெயரிலிருந்தே பிறந்தவை. தினாரியஸ் என்னும் பெயர் வடமொழியில் 'தீனாரம்' என்றும் அரபு மொழியில் 'தினார்' என்றும் வாழ்வதை நீங்கள் அறிவீர்கள். காசு தேய்ந்து மறைந்தாலும் சொல் புழக்கத்தில் இருந்துகொண்டே இருக்கிறது.

மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல், உருவத்துக்குக் கீழே ஒரு கோடிட்டு, அக்கோட்டின்கீழ்க் காசுச்சாலையின் பெயர்ச்சுருக்கத்தை இடும் வழக்கம் பரவியது. 'ஏ, என், டி' என்றால் அந்தியோக்கியா. 'ஏ, எல், இ' என்றால் அலெக்சாந்திரியா. 'சி, ஓ, என், எஸ்' என்றால் கான்ஸ்டான்டிநோபிள். மதுரை, கரூர்ப் பகுதிகளிலும் இலங்கையிலும் மிகுதியாகக் கிடைக்கும் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுச் சிறு செம்புக் காசுகளில் மன்னன் பெயர் பெரும்பாலும் தேய்ந்திருக்கும். பின்பக்க உருவமும் அடிக்கோட்டில் எஞ்சிய இரண்டோர் எழுத்துமே துணை. கரூர், மதுரைக் காசுகளை இவ்வாறு பொறுமையாகப் படித்து இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் 1994இல் வெளியிட்ட நூல் அப்பொறுமைக்கு நல்ல சான்று.

பொருளற்ற எழுத்தும் சான்றே

தென்னிந்தியாவில் கிடைத்த சில காசுகளில் எழுத்து இருக்கும். ஆனால் படித்தால் எந்தச் சொல்லும் வராது. கோடுகளும் வளைவுகளும் எழுத்தைப்போல நிற்கும். இவை இந்நாட்டுக் கைவினைஞர் ரோமானியக் காசைப் பார்த்துச் செய்த படிகள். அவர்களுக்கு இலத்தீன் தெரியாது. எழுத்து இருக்கவேண்டிய இடம் தெரியும். இவற்றை இக்காலத்து ஏமாற்றுப் போலிகளோடு சேர்த்து ஒதுக்கிவிடக் கூடாது. அந்தப் படிகள் பழமையானவை; ஒரு மொழியை அறியாதவர் அதன் எழுத்தை எவ்வாறு பார்த்தார் என்பதற்குச் சான்றானவை. இக்காலப் போலிகளை வேறு வகையில் அறியலாம். பழங்காசு அச்சால் அடிக்கப்பட்டது. போலி பெரும்பாலும் வார்க்கப்பட்டது. வார்ப்பில் மேற்பரப்பில் நுண்ணிய குமிழித் துளைகள் தெரியும், விளிம்பைச் சுற்றி இரு அரைப்பகுதிகள் கூடிய கோடு தெரியும், எடையும் பொருந்தாது.

1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் மன்னன் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு உண்டு. ஏன் வெட்டினர் என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த முடிவில்லை. புழக்கத்திலிருந்து நீக்குவதற்கு என்பர் சிலர். மன்னன் உருவத்தின் ஆற்றலை அழிப்பதற்கு என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும் அந்த வெட்டும் ஓர் எழுத்துத்தான். பெற்றுக்கொண்டவர் தம் பங்குக்கு எழுதிய எழுத்து.

நம் அண்டையில்

அன்டோனினஸ் பயஸின் 15ஆம் எண்ணை நினைவில் வைக்கச் சொன்னேன். 1944இல் பிரெஞ்சு ஆய்வாளர் லூயி மல்லெரே வியட்நாமின் தென்பகுதியில் ஓக் ஏவோ என்னும் பழந்துறைமுகத்தை அகழ்ந்தார். அங்குக் கிடைத்தவற்றுள் ரோமானிய மன்னர் பெயர் தாங்கிய பொற்பதக்கங்களும் இருந்தன. அவற்றுள் ஒன்று அன்டோனினஸ் பயஸுக்குரியது. அதன் காலம் 152 என்று கூறப்படுவது இந்தப் பதினைந்தாம் எண்ணைக் கொண்டே. தாய்லாந்தின் ஊ தோங் நகரில் விக்தோரினஸ் என்னும் மூன்றாம் நூற்றாண்டு மன்னனின் செம்புக் காசு கிடைத்துள்ளது. தென் தாய்லாந்தின் கிராபி மாநிலத்துக் குலோங் தோமில் கிடைத்த பொன்னுரைக்கும் கல் ஒன்றில் தமிழி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று தமிழில் பொறிக்கப்பட்டுள்ளது. காலம் மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டு எனக் கணிக்கின்றனர். காசையும் பொன்னையும் உரைத்துப் பார்த்து மதிப்பிட்ட ஒரு தமிழர், இத்தீபகற்பத்தில் தம் கல்லில் தம் பெயரை வெட்டி வைத்திருக்கிறார். இன்று நாம் செய்ய முயல்வதும் அவர் தொழிலின் ஒரு கிளைதான்.

என் தவறு

இனி அந்தக் காசுக்குத் திரும்புகிறேன். மெய்க்கீர்த்தியையும் ரோமானியப் பட்டங்களையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுத முற்பட்டபோதுதான் இவற்றையெல்லாம் முறையாகக் கற்றேன். தென்னிந்தியாவில் மிகுதியாகக் கிடைக்கும் இருவகை வெள்ளிக் காசுகளின் எழுத்துகளைப் பக்கத்தில் பக்கமாக எழுதினேன்.

அகஸ்டஸ் காசில்: 'சீசர் அகஸ்டஸ், தெய்வத்தின் மகன், நாட்டின் தந்தை'. திபேரியஸ் காசில்: 'திபேரியஸ் சீசர், தெய்வமாகிய அகஸ்டஸின் மகன், அகஸ்டஸ்'.

இரண்டிலும் 'சீசர்' உண்டு. இரண்டிலும் 'அகஸ்டஸ்' உண்டு. இரண்டிலும் 'மகன்' உண்டு. வேறுபாடு சொல்லின் இடத்தில் உள்ளது. அகஸ்டஸ் காசில் மகனைக் குறிக்கும் 'எஃப்' எழுத்துக்கு முன்னே அகஸ்டஸ் என்னும் சொல் முழுமையாக நிற்கும். பின்னே 'தந்தை' வரும். திபேரியஸ் காசில் 'எஃப்' எழுத்துக்குப் பின்னே அகஸ்டஸ் முழுமையாக நின்று தொடர் முடியும். முன்னே வரும் அகஸ்டஸ் 'ஏ, வி, ஜி' என்று சுருங்கி, ஆறாம் வேற்றுமையில் தகப்பன் பெயராக நிற்கும். கரூரை அடுத்த புகழூர்க் கல்வெட்டில் சேரர் மூன்று தலைமுறையினர் 'மகன்' என்னும் சொல்லால் கோக்கப்பட்டிருப்பதைப் பல ஆண்டுகள் மாணவர்க்குக் கற்பித்தவன் நான். எது தகப்பன் பெயர், எது மகன் பெயர் என்று பிரித்தறிவதே அக்கல்வெட்டின் முதற்பாடம்.

அம்மையாரின் காசில் என்ன இருந்தது என்று என் பழைய குறிப்பேட்டைப் பார்த்தேன். நானே வரைந்து வைத்திருந்தேன்: தேய்வு, பற்றவைப்பு, 'எஃப்', அதன்பின் அகஸ்டஸ். 'எஃப்' எழுத்தை நான் கண்டிருக்கிறேன், வரைந்திருக்கிறேன், படிக்கவில்லை. பின்பக்கத்தில் தலைமைக் குரு என்னும் பட்டமும், செங்கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்த பெண்ணும். இதே பின்பக்கம் அகஸ்டஸின் கடைசி ஆண்டுகளிலும் அடிக்கப்பட்டதுண்டு. ஆதலால் அது மட்டும் தீர்ப்பளிக்காது. தீர்ப்பளிப்பது ஓரெழுத்தும் அதற்குப்பின் நின்ற சொல்லும். காசு 14 முதல் 37 வரை ஆண்ட திபேரியஸுடையது.

பெரிய பெயரைக் காண விரும்பிய மனம், சிறிய எழுத்தைக் கடந்து சென்றுவிட்டது. மொழியியலாளன் என்னும் என் பட்டமும் அந்தப் பிழைக்குத் துணைநின்றது. படித்தவர் சொன்னதாலேயே யாரும் அதை மறுபடி கேட்கவில்லை.

திருத்திச் சொல்வதா வேண்டாவா என்று சில வாரங்கள் தயங்கினேன் என்பதையும் ஒளிக்கப்போவதில்லை. அம்மையாருக்கு அப்போது எண்பது வயது. பேரப்பிள்ளைகள் அந்தச் சட்டத்தைப் பள்ளிக்கு எடுத்துச் சென்று பேசியிருந்தார்கள். திபேரியஸ் என்னும் பெயர் அவர்கள் கேட்டறியாதது. ஆயினும் என் பெயரின்கீழ் ஒரு பொய் தொங்கிக்கொண்டிருந்தது. போனேன், சொன்னேன்.

அவர் சிறிது நேரம் காசையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "ராசா பேர் மாறினா மாறட்டும் தம்பி. இது எங்க மாமா கொண்டுவந்த காசுதானா, அதைச் சொல்லுங்க."

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. திபேரியஸின் வெள்ளிக் காசுகள் கொங்குநாட்டில் நிறையக் கிடைத்திருக்கின்றன. கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து மும்முறை பெரும் புதையல்கள் வெளிப்பட்டன. ஆகவே அவர் சொன்ன கதை பொருந்துகிறது. ஆனால் பொருந்துவது வேறு, மெய்ப்பிப்பது வேறு. இதே வகைக் காசு ஐரோப்பாவிலும் ஆயிரக்கணக்கில் உண்டு. யார் அடித்தார், எந்தக் காலத்தில் என்று காசு தானே சொல்லும். எந்த மண்ணிலிருந்து வந்தது, எத்தனை காசுகளோடு கிடந்தது, யார் கை மாறியது என்பதைக் காசு ஒருபோதும் சொல்லாது. அதை மனிதர்தாம் சொல்லவேண்டும். சொல்லாமல் போனால், எழுதாமல் போனால், அக்காசின் பாதி வரலாறு அந்த மனிதரோடு போய்விடும். கிடைத்த இடம் தெரியாமல் கடைகளில் விற்கப்படும் ஒவ்வொரு பழங்காசும் அவ்வாறு பாதி ஊமையான காசே.

"அம்மா, அதைக் காசு சொல்லாது, நீங்கள்தாம் சொல்லவேண்டும்" என்றேன். அன்று மாலை முழுவதும் அவர் சொல்ல நான் எழுதினேன். மாமனாரின் ஊர்ப்பெயர், கிணறு யாருடைய நிலத்தில், பானையிலா வெறும் மண்ணிலா, எத்தனை பேர் பங்கிட்டனர், அவர் எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார், வளையம் எப்போது பற்றவைக்கப்பட்டது. தாம் நேரிற் கண்டவை எவை, மாமனார் சொல்லக் கேட்டவை எவை என்று பிரித்தே எழுதினோம். சில கேள்விகளுக்கு "தெரியாது" என்றார். அதையும் எழுதினேன். இன்று அந்தச் சட்டத்தில் காசின் எடை, எழுத்து, மன்னன் பெயர் ஒரு பக்கமும், அம்மையாரின் வாய்மொழி மறுபக்கமும் உள்ளன. என் பழைய பிழையும், அதைத் திருத்திய நாளும் கீழே உள்ளன. பிழையை அழித்துவிட வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன்.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பழங்காசு இருக்கலாம். புளிபோட்டுத் தேய்க்காதீர்கள்; தேய்த்தால் எழுத்து போய்விடும். எடையைக் குறியுங்கள். இருபக்கமும் படம் எடுங்கள். எழுத்துகளைப் படித்துவிட்டதாக எண்ணாமல், கண்ட வடிவத்தைக் கண்டவாறே வரையுங்கள். தெரியாத இடத்தில் புள்ளி இடுங்கள். பிறகு 1923 முதல் பல தொகுதிகளாக வெளிவந்த 'ரோமன் இம்பீரியல் காயினேஜ்' என்னும் நூல்வரிசையோடு ஒப்பிடுங்கள். அதன் எண்களைக் கொண்டு தேடும் வசதி இணையத்திலும் இலவசமாக உண்டு. எல்லாவற்றுக்கும் முன்பாக, அக்காசு எப்படி வந்தது என்பதை வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் கேட்டு எழுதிவையுங்கள். திபேரியஸைப் படிக்க நூல்கள் காத்திருக்கும். மூத்தவர்கள் அவ்வளவு காலம் காத்திருக்க மாட்டார்கள்.

நம் மொழியில் 'நாணயம்' என்னும் சொல்லுக்குக் காசு என்றும் பொருள். நேர்மை என்றும் பொருள். காசைப் படிப்பவரிடம் இரண்டும் இருக்கவேண்டும் என்பதை எனக்குப் பதினேழு ஆண்டுகள் கழித்து ஓர் 'எஃப்' எழுத்து கற்பித்தது.